மருந்து என்னும் பெயரில் ஒரு நஞ்சு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பு, மாவும் தென்னையும் செழித்து வளரும் பகுதியாகும். 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்ட காடு, தோப்புகளின் வேலியை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. இத்தகைய இடத்தில் கூலி வேலை செய்வோரிடம் எந்த வேலை ஆபத்தானது என்று கேட்டால், இரவுக் காவலில் யானை வருவது, தென்னை ஏறுவது, புல்லுக்குள் பாம்பு என்று வரிசையாகச் சொல்வார்கள். மாமரத்துக்கு மருந்து அடிப்பது அந்த வரிசையில் கடைசியாகத்தான் வரும். பல சமயம் வராமலும் போகும்.

இதில் வியப்பில்லை. யானை கண்ணுக்குத் தெரிகிறது. தென்னையிலிருந்து விழுந்தவரை ஊரே அறியும். தென்னை ஏறுவதில் ஆபத்து உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான், தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கி, ஏறும் கருவியையும் காப்பீட்டையும் கொண்டு வந்தது. பூச்சிமருந்து செய்யும் கேடு அப்படிப்பட்டதன்று. அன்று மாலை தலைவலி, இரவில் வாந்தி, மறுநாள் அசதி. “வெயில் ஒத்துக்கொள்ளவில்லை” என்று அது முடிந்துவிடுகிறது.

பெயரும் ஒரு காரணம். நஞ்சை நாம் மருந்து என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் ஊர் பதறுகிறது. ‘மருந்து அடிக்கிறான்’ என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயிற்றுக்குள் போனால்தான் விஷம், மேலே பட்டால் கழுவினால் போகும் என்ற எண்ணம் ஆழமாக ஊறியுள்ளது. உண்மை வேறு. தெளிப்பவர் உடலில் சேரும் நஞ்சின் பெரும்பகுதி தோல் வழியாகவே செல்கிறது. எல்லா இடத்துத் தோலும் ஒன்றன்று. பாரத்தியான் மருந்தைக் கொண்டு 1971இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கைத் தோலைவிட விரைப்பைத் தோல் 10 மடங்குக்கு மேல் உறிஞ்சுவது தெரியவந்தது. மடித்துக் கட்டிய லுங்கி நனைந்தபடியே மாலை வரை வேலை செய்வது எத்தகைய தவறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

மாமரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. நெல்லுக்குத் தெளிக்கும்போது மருந்து கீழே போகிறது. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்காக மாவுக்குத் தெளிக்கும்போதோ அண்ணாந்து தெளிக்க வேண்டியுள்ளது; இலையில் நிற்காதது முகத்திலும் கழுத்திலும் இறங்குகிறது. மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மருந்து தலைக்கு மேலிருந்து விழுந்ததும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று.

வாடை அதிகம் என்றால் வீரியம் அதிகம், வாடை இல்லாவிட்டால் பயமில்லை என்று கணிப்பதும் வழக்கம். வாடைக்கும் நச்சுத்தன்மைக்கும் தொடர்பில்லை. பார்க்க வேண்டியது புட்டியின் மேலுள்ள முக்கோணத்தை. கேரளத்தில் 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு 100க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதன்படி சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பின் நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் கேடே இல்லை என்று பொருளன்று.

தெளிக்கும் வேலையைவிடக் கலக்கும் வேலையே மோசமானது என்பதைப் பலர் அறிவதில்லை. லிட்டருக்கு 2 மில்லி கலக்கும் மருந்தானால், புட்டிக்குள் இருப்பது தெளிநீரைவிட 500 மடங்கு செறிவானது. அதை மூடியால் அளந்து, கையை விட்டுக் கலக்குவது இன்றும் நடக்கிறது. தண்ணீர் சுமக்கும் பெண்களே இந்த வேலையையும் செய்வதுண்டு. ‘மருந்து அடித்தவர்’ கணக்கில் அவர்கள் வருவதே இல்லை. கலக்க நீண்ட கம்பும், கைக்கு நல்ல ரப்பர் உறையும் கட்டாயம் வேண்டும். உறையில் ஓட்டை இருந்தால் போடாமலிருப்பதே மேல். உள்ளே புகுந்த மருந்து தோலோடு ஒட்டியே நிற்கும். முகத்தில் கட்டும் துண்டும் அப்படித்தான். நனைந்த பின் அது மருந்தை மூக்கருகிலேயே தேக்கி வைக்கிறது.

ஆட்கள் பாதுகாப்பு உடை போட மறுப்பதை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. குளிர் நாட்டுக்குத் தைத்த உடையை நம் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் மயக்கம் வரும். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, தொப்பி, கண்ணாடி, முதுகில் தெளிப்பான் ஒழுகினால் தாங்க ஒரு பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றோடு, வெயில் ஏறுமுன் காற்று முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று தெளித்தால் கேடு வெகுவாகக் குறையும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபத்து தெரிந்தும் வேலைக்கு வருபவர்கள் பலர். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஆபத்தான வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை உலகத் தொழிலாளர் அமைப்பு 2001ஆம் ஆண்டு வேளாண் பாதுகாப்பு உடன்படிக்கையில் சேர்த்துள்ளது. தோப்பு உரிமையாளர் அரை நாளில் நிறுத்தியவருக்கும் முழுக் கூலி தர முன்வந்தால், ஆட்கள் உடல்நிலையை மறைக்காமல் சொல்வார்கள்.

வாயில் நீர் ஊறுதல், மிகுந்த வியர்வை, கண்மணி சுருங்கிப் பார்வை மங்குதல், தசை துடித்தல் ஆகியவை பாஸ்பரஸ் வகை மருந்துகளின் நச்சு அறிகுறிகள். உடனே ஆளை நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவ வேண்டும். கழுவுபவரும் கையுறை அணிய வேண்டும். பால், மோர், வெல்லம் எதுவும் முறிவாகாது. வலிந்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 108க்குத் தகவல் கொடுத்து, மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியை அல்லது அதன் லேபிளைக் கையோடு எடுத்துச் செல்வது மிக முக்கியம். எந்த நஞ்சு என்பது தெரிந்தால்தான் மருத்துவர் அதற்குரிய முறிவைத் தாமதமின்றித் தொடங்க முடியும்.

மாலையில் வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்குமுன் குளித்துவிட வேண்டும். தெளித்த உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். காலிப் புட்டிகளை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, புட்டியில் ஓட்டை போட்டுவிட்டால் வேறு எவரும் அதில் எண்ணெய் வாங்கப் போக முடியாது.