கணக்குப் பிசகாத பெருங்கணினி: அடுத்து யார் கையில்?

மாணவர்களே, ஈப்போவில் ஒரு ஏடிஎம் இயந்திரத்தின் முன் நின்று உங்கள் அம்மா 50 ரிங்கிட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையைச் செருகுகிறார், இரகசிய எண்ணை அழுத்துகிறார், சில வினாடிகளில் பணம் வெளியே வருகிறது. அந்தச் சில வினாடிகளில் என்னென்ன நடக்கின்றன? கணக்கில் போதிய பணம் உண்டா என்று பார்க்க வேண்டும். 50 ரிங்கிட்டைக் கழிக்க வேண்டும். கழித்ததைப் பதிவு செய்ய வேண்டும். பணத்தை நீட்டும்படி இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். அதே நொடியில் வேறு வேறு ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் இதையே செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் கணக்கிலும் ஒரு சென்கூடப் பிசகக் கூடாது.

உலகின் பெரிய வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது மெயின்ஃபிரேம் கணினி. தமிழில் பெருமுகக் கணினி என்றும் சொல்வார்கள். இதை நன்கு அறிந்தவர்களில் பலர் இப்போது ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்களின் இடத்தை நிரப்ப, ஒன்றோடொன்று போட்டிபோடும் நிறுவனங்களே கைகோத்து இளையோருக்கு இலவசமாகப் பயிற்சி தருகின்றன. ஏன்? அதில் உங்களுக்கு என்ன பயன்?

மெயின்ஃபிரேமின் தனித்தன்மை

சூப்பர் கம்ப்யூட்டரையும் மெயின்ஃபிரேமையும் பலர் ஒன்றென எண்ணுவர். வானிலையைக் கணிப்பது போன்ற மிகக் கடினமான ஒரே கணக்கை வேகமாகச் செய்வது சூப்பர் கம்ப்யூட்டர். கோடிக்கணக்கான சிறு கணக்குகளை, நிற்காமல், தவறாமல் செய்வது மெயின்ஃபிரேம்.

நிற்காமல் ஓட அதற்குள்ளேயே மாற்று ஏற்பாடுகள் உண்டு. மின்சாரம் ஒரு வழியில் தடைபட்டால் இன்னொரு வழியில் வரும். ஒரு செயலி பழுதானால் காத்திருக்கும் உபரிச் செயலி அந்த வேலையை ஏற்கும். பல பாகங்களைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றலாம். தரவை உள்ளே வாங்கவும் வெளியே அனுப்பவும் தனிச் செயலிகள் இருப்பதால், முதன்மைச் செயலி கணக்கை மட்டும் கவனிக்கும்.

இன்னொரு விதியும் முக்கியம். உங்கள் கணக்கிலிருந்து பணம் கழிவதும் தம்பியின் கணக்கில் அது சேர்வதும் ஒரே வேலையாகக் கருதப்படும். இரண்டும் நடக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் நடக்கக் கூடாது. பாதியில் மின்சாரம் போனாலும் பணம் நடுவில் தொலையாது.

செக்ரோலும் 555 புத்தகமும்

மெயின்ஃபிரேம் செய்யும் வேலை இரண்டு வகை. இதைப் புரிந்துகொள்ள, ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பேராக்கின் மற்ற பகுதிகளிலும் அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் கணக்கு எழுதிய முறை அவர்கள் நினைவில் இருக்கும்.

காலைப் பெரட்டுக்கு யார் வந்தார், யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்று கிராணி தினமும் எழுதிவைப்பார். மாத முடிவில் செக்ரோலை மொத்தமாகக் கூட்டி, முன்பணத்தையும் சேமநிதியையும் பிடித்து, கைச்சம்பளத்தைக் கணக்கிடுவார். இப்படிச் சேர்த்துவைத்து மொத்தமாகச் செய்வது 'பேட்ச்' வேலை. வங்கியில் நள்ளிரவில் வட்டி கணக்கிடுவது இந்த வகை.

மளிகைக் கடையின் 555 புத்தகம் வேறு. அரிசி வாங்கினால் அந்தக் கணமே கடனாகப் பதிவாகும். ஏடிஎம் வேலை இந்த வகை. இவ்விரண்டையும் ஒரே இயந்திரத்தில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் நடத்துவதே மெயின்ஃபிரேமின் திறமை.

போட்டியாளர்கள் சேர்ந்து உருவாக்கிய மொழி

1959-இல் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. கணினியை மாற்றினால் நிரலையும் புதிதாக எழுத வேண்டும். ஆகவே அமெரிக்க அரசுத் துறையினரும் போட்டி நிறுவனங்களின் வல்லுநர்களும் ஒன்றாக அமர்ந்து ஒரு பொது மொழியை உருவாக்கினர். அதுதான் கோபோல். கணிதவியலாளர் கிரேஸ் ஹாப்பர் முன்பே உருவாக்கியிருந்த ஃப்ளோமேட்டிக் என்னும் மொழி அதற்கு அடித்தளமானது. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது.

1964 ஏப்ரல் 7-இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 குடும்பத்தை அறிவித்தது. சிறிய கணினிக்கு எழுதிய நிரல் அதே குடும்பத்தின் பெரிய கணினியிலும் ஓடும் என்பது அதன் சிறப்பு. அந்த வழித்தோன்றல்தான் இன்றைய ஐபிஎம் மெயின்ஃபிரேம்கள். நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில், விண்கலப் பாகங்களின் பட்டியலைப் பராமரிக்க உருவான ஐஎம்எஸ் என்னும் மென்பொருள் இன்றும் வங்கிகளில் ஓடுகிறது.

நம் நாட்டிலும் கணினியின் கதை 1960களில்தான் தொடங்குகிறது. 1966-இல் அன்றைய தேசிய மின்சார வாரியம், அதாவது இன்றைய தெனாகா நேஷனலின் முன்னோடி, ஓர் ஐபிஎம் கணினியை நிறுவியது. அதுவே மலேசியாவின் முதல் கணினி என்று குறிப்பிடப்படுகிறது.

செய்து பாருங்கள்

பைத்தான் மொழியில் 0.1 + 0.2 என்று தட்டச்சு செய்யுங்கள். விடை 0.3 என்று வராது, 0.30000000000000004 என்று வரும். 1/3 என்பதை நாம் 0.333… என்று முடிவில்லாமல் எழுதுவது போல, 0.1 என்பதை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. அதனால்தான் இந்தச் சிறு பிசகு. கோபோலில் பணத் தொகைகளைப் பதின்ம எண்ணாகவே வைத்துக் கணக்கிடலாம். மெயின்ஃபிரேம் செயலிகளிலும் பதின்மக் கணக்குக்கென்றே வன்பொருள் உண்டு. சென் தவறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கே தொடங்கியது?

2020-இல் கோவிட் தொற்றால் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். நியூ ஜெர்சி மாநிலத்தின் உதவித்தொகை அமைப்பு பல பத்தாண்டுப் பழைய மெயின்ஃபிரேமில் இருந்தது. விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் தெரிந்த தொண்டர்கள் வேண்டும் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி ஏப்ரலில் பகிரங்கமாகக் கேட்டார். பழைய நிரலே எல்லாத் தாமதத்துக்கும் காரணமல்ல என்று கணினி வரலாற்றாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். ஆனாலும் ஒன்று தெளிவானது: அவசர நேரத்தில் அந்த நிரலைத் திறந்து திருத்த ஆள் போதவில்லை.

'பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதினால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். சில நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் எளிதல்ல. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர் கணக்குகளை வேறு கணினி அமைப்புக்கு மாற்றியது. அப்போது ஏற்பட்ட கோளாறில் 19 இலட்சம் பேர் வரை தங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாமல் தவித்தனர். 2022-இல் அந்த வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

ஒரு கிராணி முப்பது ஆண்டு எழுதிய புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சிவப்புக் குறி இருக்கும். அது ஏன் என்று அவருக்கு மட்டுமே தெரியும். அவர் இருக்கும்போதே ஓர் இளைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காவிட்டால், புத்தகம் இருந்தும் பயனில்லை. பழைய நிரலும் அப்படித்தான்.

சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்

2015-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 'ஓபன் மெயின்ஃபிரேம் ப்ராஜெக்ட்' தொடங்கியது. ஐபிஎம் மட்டுமின்றி, மென்பொருள் சந்தையில் அதனுடன் மோதும் நிறுவனங்களும், அமெரிக்காவின் மாரிஸ்ட் கல்லூரி போன்ற கல்விக்கூடங்களும் அதில் சேர்ந்தன. நியூ ஜெர்சி செய்தி வெளிவந்த சில நாள்களிலேயே ஓர் இலவச கோபோல் பாடத்திட்டம் இதன்வழி வெளியிடப்பட்டது.

ஐபிஎம் 2005 முதல் மாணவர்களுக்கு மெயின்ஃபிரேம் போட்டி நடத்திவந்தது. 2021-இல் அதன் இடத்தில் 'இசட் எக்ஸ்ப்ளோர்' என்னும் இலவசக் கற்றல் தளம் வந்தது. வீட்டுக் கணினியிலிருந்து இணையம் வழியாக உண்மையான மெயின்ஃபிரேமுக்குள் நுழைந்து படிப்படியாகப் பயிலலாம். இந்தியாவிலும் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், புதிதாகச் சேரும் பட்டதாரிகளில் ஒரு பகுதியினருக்கு மெயின்ஃபிரேம் பயிற்சி அளிக்கின்றன.

இதில் தர்மம் மட்டும் இல்லை, சுயநலமும் உண்டு. இயக்க ஆளில்லாத இயந்திரத்தை யார் வாங்குவார்? அதனால் எந்தப் பாடத்தைப் படித்தாலும், ஒரு நிறுவனத்தின் கருவியை மட்டும் கற்காமல் அதன் அடியில் உள்ள கருத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கருத்து கைவசம் இருந்தால் கருவி மாறினாலும் கவலையில்லை.

'செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடாதா?' கோபோல் நிரலை விளக்கவும் ஜாவாவுக்கு மாற்றவும் உதவும் கருவிகளை ஐபிஎம் 2023-இல் வெளியிட்டது. ஆனால் மாற்றிய நிரல் சரியான சம்பளத்தைத்தான் போடுகிறதா என்று தீர்ப்புச் சொல்ல, கணக்கு தெரிந்த மனிதர் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மெயின்ஃபிரேம் வேலைகள் பெரும்பாலும் பெரு நகரங்களில்தான் உள்ளன. எண்ணிக்கையில் அவை இணையதளம், செயலி உருவாக்கும் வேலைகளைவிடக் குறைவு. அனுபவம் கேட்பவர்களும் உண்டு. ஆனால் கற்கத் தொடங்கப் பணம் தேவையில்லை, விலை உயர்ந்த கணினியும் தேவையில்லை. தோட்டப்புறப் பள்ளி மாணவருக்கும் பட்டணத்து மாணவருக்கும் இங்கே தொடக்கக் கோடு ஒன்றுதான். இணைய வசதி இல்லாதவர்கள் பள்ளிக் கணினிக்கூடத்தைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். பதிவு செய்யும் முன் தளத்தின் விதிகளை ஆசிரியருடன் சேர்ந்து படியுங்கள்.

படிவம் 4, 5-இல் கணினி அறிவியல் எடுப்பவர்கள் கற்கும் போலி நிரலும் தரவுத்தளமும் இத்துறைக்கு நேரடியாக உதவும். எஸ்பிஎம்முக்குப் பிறகு ஈப்போவின் உங்கு ஓமார் பாலிடெக்னிக், கம்பாரில் யூடார், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என நம் மாநிலத்திலேயே உயர்கல்வி நிலையங்கள் உள்ளன. அங்கே எந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு வேலை. தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் மாதச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். என்னென்ன சேரும், என்னென்ன பிடிப்பார்கள், மழை நாளில் என்ன செய்வார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் போலி நிரலாகப் படிப்படியாக எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். 'இதை விட்டுவிட்டாயே' என்று அவர் ஏதாவது ஒன்றைக் கட்டாயம் சொல்வார். அதைச் சேர்த்து மீண்டும் எழுதுங்கள். மெயின்ஃபிரேம் நிரலாளர் ஒருவரின் முதல் பாடம் அதுதான்.