கணவர் வீட்டில் பீர் காய்ச்சுகிறாரா? சட்டம் உங்களையும் சேர்த்துத்தான் கணக்கு போடுது!

அமெரிக்காவில் வசிக்கும் நம்மூர் ஐடி தம்பதிகளுக்கு ஒரு தகவல். வீட்டில் ஒயின் தயாரிக்க அங்கே முன்பிருந்தே அனுமதி உண்டு. பீருக்கு 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன். இருவர் என்றால் 200, அதாவது சுமார் 757 லிட்டர். ஒரு சொட்டுகூட குடிக்காத மனைவியும் இந்தக் கணக்கில் உண்டு! விற்கக் கூடாது, மாநில விதியையும் பார்க்கணும்.

சட்டம் ஓகே, வீடு? ஒரு முறை காய்ச்சினால் சுமார் 19 லிட்டர், 50 பாட்டில். மால்ட் சாறு கொதிக்கும் அன்று சமையலறை அவருடையது. பிறகு நொதிக்க ஒன்றிரண்டு வாரம் இருட்டான மூலை வேண்டும். துணி அலமாரிதான் பலி. ஒயின் என்றால் மாதக்கணக்கு.

சண்டை போட வேண்டியது பாட்டிலுக்காகத்தான். நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலோ, சர்க்கரை கூடினாலோ, வாயு அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. சில நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே அளவைக் காட்டுதான்னு கேளுங்க. இல்லையென்றால் மூடி போட விடாதீங்க.

ஊர் திரும்பும் திட்டமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸ் திராட்சை ஒயினுக்கும் விலக்கில்லை. தயாரிப்புக் கருவி வைத்திருப்பதே சிக்கல் என்பதால், அதைப் பெட்டியில் கட்டாமல் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்க.