சருமப் பரிசோதனைக்குக் கூச்சம் ஏன்?

மேனியில் வெளிறிய திட்டொன்று தோன்றினால், நம்மவர் அதை ஆடைக்குள் மறைத்து விடுகின்றனர். திட்டெல்லாம் தொழுநோயன்று, ஆயினும் பரீட்சித்து அறிவது அவசியம் என்போம்.

சரும வைத்தியர் நல்ல வெளிச்சத்தில் மேனி முழுவதும் பார்ப்பார். கண்களை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டைத் தொடுவார். முழங்கையருகே நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஸ்திரீகள் பெண் உதவியாளர் உடனிருக்கக் கோரலாம்.

செங்கற்பட்டில் டாக்டர் காக்ரேன் 1940-களில் ஸல்போன் மருந்துகளைக் கையாண்டார். 1982-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்துகளைச் சிபார்சு செய்தது. இன்று 6 அல்லது 12 மாதச் சிகிச்சையில் தொழுநோய் தீரும்; சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம்.

கவரைப்பேட்டை வாசிகள் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே பெரிய ஆஸ்பத்திரி. திட்டை மறைத்து விரல்களை இழப்பதினும், காட்டிக் காத்துக்கொள்வதே விவேகமன்றோ?