ஆரல் காதுக்கு, ஓரல் வாய்க்கு

இசைத் தேர்வு அமைப்பான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் பியானோ, வயலின் தேர்வுகளில் 'ஆரல் டெஸ்ட்' என்று ஒரு பகுதி உண்டு. தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். அதில் இதற்கு 18. பள்ளிக்கூடத்தில் 'ஓரல்' என்று சொல்லி ஆசிரியர் கேள்வி கேட்பாரே, அதுதான் இதுவும் என்று பெற்றோர் எண்ணிக்கொள்வது எளிது. இரண்டும் ஒன்றல்ல.

ஓரல் என்ற சொல் ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்தில் தொடங்கும். ஆரல், 'ஏ, யு' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். லத்தீனில் 'ஓஸ்' என்றால் வாய், 'அவுரிஸ்' என்றால் காது. அங்கிருந்து வந்த இந்தச் சொற்களில் ஓரல் வாயைச் சேர்ந்தது, ஆரல் காதைச் சேர்ந்தது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் முதலில் நிற்கும் 'ஓ' இந்த ஓரல்தான். ஆரலை நினைவில் வைக்க 'ஆடியோ' போதும். அதுவும் 'ஏ, யு' என்றே தொடங்குகிறது, அதுவும் காதுக்கானதே.

இசைத் தேர்வுக்கு வருவோம். முதல் கிரேடில் தேர்வாளர் பியானோவில் ஒரு பகுதியை வாசிப்பார்; பிள்ளை அதன் தாளத்தைக் கைதட்டிக் காட்ட வேண்டும். பிறகு சின்னச் சின்ன மெட்டுத் துணுக்குகளை வாசிப்பார். அவற்றைக் கேட்டு அப்படியே திருப்பிப் பாட வேண்டும். அடுத்து ஒரு துணுக்கை இரண்டு முறை வாசிப்பார். இரண்டாம் முறை ஒரு சுரத்தை மாற்றியிருப்பார். மாற்றம் தொடக்கத்தில் வந்ததா, முடிவில் வந்ததா என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

பாடுவதும் வாய், பதில் சொல்வதும் வாய். பிறகு ஏன் ஆரல் என்று பெயர்? இங்கே குரல் இனிமைக்கு மதிப்பெண் கிடையாது. காது சரியாக வாங்கியதா என்பதுதான் சோதனை. அதை வெளியே காட்ட வாய் ஒரு வழி, அவ்வளவே. இந்தச் சொற்களில் எது பொருந்தும் என்று தடுமாறும் எந்த இடத்திலும் இப்படியே கேட்டுப் பார்க்கலாம்: சோதிக்கப்படுவது எது, காதா வாயா? ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் லிசனிங் பகுதியில் விடையை எழுதித்தான் தருகிறோம். ஆனாலும் அது ஆரல் திறன். ஸ்பீக்கிங் பகுதி ஓரல்.

நம்மூரில் 'ஆ' என்றும் 'ஓ' என்றும் பிரித்துச் சொல்வதால் காதுக்கு வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஏறக்குறைய 'ஓரல்' என்றே உச்சரிக்கிறார்கள். அதனால் ஆங்கிலேய ஆசிரியரின் வீடியோவைப் பார்க்கும் நம் பிள்ளைகள் ஆரலையும் ஓரல் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேறுபடுத்திக் காட்டுவதற்காகவே ஆரலை 'அவுரல்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கே இது தொல்லையாக இருந்தது. முதலில் கேட்டு, பிறகு பேசி மொழியைப் பழகும் முறைக்கு அமெரிக்காவில் 'ஆரல்-ஓரல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயால் சொன்னால் ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னது போலக் கேட்கும். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நெல்சன் புரூக்ஸ் முன்வைத்த 'ஆடியோ-லிங்குவல்' என்ற பெயர் 1960களில் அதன் இடத்தைப் பிடித்தது. சரியான மாற்றம்தான்.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. வாய்மொழிக் கதை என்கிறோம், செவிவழிச் செய்தி என்கிறோம். சொல்பவர் பக்கம் நின்றால் வாய்மொழி, கேட்பவர் பக்கம் நின்றால் செவிவழி.

மருத்துவத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் நாக்குக்கு அடியில் வைப்பது ஓரல், காதுக்குள் வைப்பது ஆரல். மருந்துச் சீட்டில் பழைய லத்தீன் சுருக்கங்கள் இன்னும் வருகின்றன. 'பி.ஓ.' என்றால் வாய்வழி. 'ஏ.டி.' வலது காது, 'ஏ.எஸ்.' இடது காது, 'ஏ.யு.' இரண்டு காதும். இதே வரிசையில் முதல் எழுத்தை மட்டும் 'ஓ' ஆக்கினால் அவை கண்ணைக் குறிக்கும்: 'ஓ.டி.' வலது கண், 'ஓ.எஸ்.' இடது கண். கையெழுத்தில் 'ஏ'வும் 'ஓ'வும் ஒன்றுபோலத் தெரிந்தால் காதுக்கான சொட்டு மருந்து கண்ணுக்குப் போய்விடும். மருந்துப் பிழைகளைத் தடுக்கப் பாடுபடும் அமெரிக்க அமைப்பான ஐ.எஸ்.எம்.பி., காதுக்கும் கண்ணுக்குமான இந்தச் சுருக்கங்களைத் தவிர்க்க வேண்டியவை என்றே பட்டியலிட்டிருக்கிறது.

ஆகவே சொட்டு மருந்து வாங்கும்போது சீட்டில் இருக்கும் எழுத்தை நீங்களே ஊகிக்காதீர்கள். கண்ணுக்கா, காதுக்கா, வாய்க்கா என்று மருந்துக் கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்டு, பாட்டில் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.