வரைதல் (தொடக்கப் பயிற்சி)

வரைதல் என்பது கண்ணால் காணும் அல்லது மனத்தால் கருதும் உருவத்தைக் கோடுகளாலும் நிழற்சாயல்களாலும் ஒரு பரப்பில் பதிக்கும் கலையாகும். சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் கலைப்பள்ளியை 1850 ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கினார்.

தொடக்கநிலையில் கை பழகாமையைவிடக் கண் பழகாமையே பெருந்தடை. குடத்தின் வாய் வட்டமானது என்று அறிந்தவர், பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போதும் அதை வட்டமாகவே வரைந்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். புள்ளிக் கோலத்தில் இச்சிக்கல் இல்லை. அங்கு அறிந்த வடிவமே வடிவம். பார்த்து வரைவதற்கு அளவெடுத்தல் தேவை. கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிறுத்திப் பிடித்துப் பொருளின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, அதனை அகலத்துடன் ஒப்பிடுவர். இடையில் முழங்கை மடங்கினால் அளவு பிழைக்கும்.

தொலைவைக் காட்டக் கோடு மட்டும் போதாது. தேனி மாவட்டம் சின்னமனூரில் நின்று பார்ப்பவருக்கு அருகிலுள்ள வாழைத்தோட்டம் கரும்பச்சையாகவும், மேகமலைத் தொடர் வெளிறிய நீலமாகவும் தெரியும். மலையில் உள்ளவையும் பச்சை மரங்களே. இடைப்பட்ட காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதே இதற்குக் காரணம். பென்சிலால் வரைவோர் வாழையிலைகளுக்கு 4பி, 6பி போன்ற மென்மையான வகைகளையும், மலைக்குக் களிமண் கூடிய, கிராஃபைட் குறைந்த 2எச் வகையையும் கொள்ளலாம். மழை ஓய்ந்த காலையில் தூசு அடங்கி மலைமடிப்புகள் தெளிவாகத் தெரியும்; அன்று மலையையும் சற்று அழுத்தியே வரைய வேண்டும்.