தமனிச் சுவரின் சிதைவை ரத்தம் சொல்லுமா?

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. சிலருக்கு, அதிலும் புகைபிடித்த முதிய ஆண்களுக்கு, சுவர் தளர்ந்து புடைத்துவிடுகிறது. 3 செ.மீ. ஆகிவிட்டால் அது நோய். பெரும்பாலும் வலி இருக்காது. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். வெடித்தால் பிழைப்பவர்கள் குறைவு. ஐன்ஸ்டைன் 1955-இல் இறந்தது இதனால்தான்.

ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. வந்தால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கிறார்கள். அதற்குக் குறைவென்றால், ஸ்கேன் எடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்பு கொடுமையானது. ஒருவருடைய 4 செ.மீ. வீக்கம் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். இன்னொருவருக்கு அதே அளவு வீக்கம் மளமளவென்று வளரும். ஸ்கேன் அளவைச் சொல்லும். சுவருக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதை ரத்தத்தில் தேடலாம்.

தமனிக்கு நெகிழ்வைத் தருவது எலாஸ்டின், இழுவையைத் தாங்குவது கொலாஜன். அழற்சியால் வந்து குவியும் வெள்ளணுக்கள் எம்எம்பி-9 போன்ற நொதிகளைச் சுரந்து இந்த இழைகளைத் துண்டாடுகின்றன. வளர்ந்தவர்களின் உடலால் எலாஸ்டினைச் சரிவர மறுபடி கட்ட முடியாது. கொலாஜனைத்தான் புதிதாக நெய்கிறது. அப்போது கொலாஜனாக மாறும் முன்கொலாஜனின் நுனித்துண்டு கழன்று ரத்தத்தில் சேர்கிறது. புடைப்புக்குள் படிந்த ரத்தக்கட்டி கரையும்போது டி-டைமர் என்ற துணுக்கு வெளிவருகிறது. வீட்டு வாசலில் குவியும் செங்கல் தூளைப் பார்த்து உள்ளே நடக்கும் இடிப்பை ஊகிப்பதுபோல, இவற்றைக் கொண்டு சுவரின் நிலையை ஊகிக்கலாம். வீக்கம் வேகமாக வளர்பவர்களிடம் டி-டைமர் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆனால் இந்தத் தூள் எந்த வீட்டிலிருந்தும் வரலாம். காலில் ரத்தம் உறைந்தாலும், தொற்று வந்தாலும் டி-டைமர் ஏறும். மூட்டழற்சியில் எம்எம்பி-9 உயரும். கல்லீரல் தழும்பேறினாலும் முன்கொலாஜன் நுனித்துண்டு கூடும். அதனால்தான் இவற்றில் எதுவும் வழக்கமான சிகிச்சை முடிவுகளுக்குள் இன்னும் நுழையவில்லை. ஒற்றைப் புரதத்தைத் தேடுவதைவிட, பல புரதங்களை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப அளந்து ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதே பலன் தரும் என்று நினைக்கிறேன்.

இப்படி அளப்பதன் முதல் பயன் மருந்துச் சோதனைகளில் கிடைக்கலாம். எம்எம்பி நொதிகளை அடக்கும் டாக்சிசைக்ளினை அமெரிக்காவில் நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குறையவில்லை என்று 2020-இல் தெரிந்தது. ஸ்கேனை மட்டும் நம்பினால் இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்: வீக்கம் சராசரியாக ஆண்டுக்கு 2, 3 மி.மீ.தான் வளர்கிறது, அளப்பவர் மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். நம்பத்தக்க புரதம் ஒன்று கிடைத்தால், அடுத்த மருந்து வேலை செய்கிறதா என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிடும்.