இரும்புக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

இரும்பு சமையல் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். கண்ணாடி துருப்பிடிக்காது, ஆனால் திடீரென்று சூடேறினாலோ குளிர்ந்தாலோ விரிசல் விடும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சமையல் பாத்திரம் செய்தால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு பாத்திரம் இருக்கிறது. எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி அது. தடித்த சுவர், கனமான மூடி, இரு பக்கமும் காது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை ‘டச்சு ஓவன்’, அதாவது ‘டச்சு அடுப்பு’ என்பார்கள். இப்போது நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. விலை சற்று அதிகம்தான். ஆனால் கவனமாக வைத்துக்கொண்டால் பாட்டி சமைத்த சட்டியில் பேத்தியும் சமைக்கலாம். கவனம் தவறினால் ஒரே நிமிடத்தில் பாழாகிவிடும். பெயர்ந்த கண்ணாடித் துணுக்கு உணவில் கலக்கும் ஆபத்தும் உண்டு.

இதைப் பராமரிக்கப் பல விதிகள் சொல்வார்கள். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இது ‘கண்ணாடிச் சட்டை போட்ட இரும்பு’ என்ற ஒரே உண்மை புரிந்தால் போதும். எல்லா விதிகளும் தாமே விளங்கிவிடும்.

சட்டிக்கு அடுப்பு என்று பெயர் ஏன்?

இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்ற தொழில் வல்லுநர் இருந்தார். இவர் 1704-ல் ஹாலந்து நாட்டுக்குச் சென்று, அங்கே பித்தளைப் பாத்திரங்களை வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னர் மணல் அச்சில் இரும்புப் பாத்திரங்களை வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை பெற்றார். மணல் அச்சு மலிவானது; அதில் வார்த்த பாத்திரம் மெல்லியதாகவும் வழுவழுப்பாகவும் வந்தது. ‘டச்சு’ என்ற பெயர் இந்த ஹாலந்துத் தொடர்பால் வந்தது என்று சொல்வதுண்டு.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் இச்சட்டிக்கு மூன்று கால்களும், விளிம்பு உயர்ந்த தட்டை மூடியும் வைத்துக்கொண்டார்கள். கீழே தணல், மூடியின் மேலும் தணல். இரு புறமும் வெப்பம் கிடைத்ததால் உள்ளே ரொட்டிகூட வெந்தது. சட்டியே அடுப்பாகிவிட்டது அல்லவா?

இரும்புக்கு எனாமல் சட்டை போடும் தொழிலில் புகழ்பெற்றது பிரான்சு நாடு. லெ க்ரூசே நிறுவனம் அங்கே 1925-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் சட்டியின் நிறம், உருகிய இரும்புக் குழம்பைப் போன்ற செம்மஞ்சள்.

கனமே பலம்

தூய இரும்பு உருக 1538° செ. வெப்பம் வேண்டும். அதில் 3 முதல் 4 சதவீதம் வரை கார்பன் சேர்ந்தால் சுமார் 1200 டிகிரியிலேயே உருகி, குழம்பாக அச்சில் ஓடும். இதுவே வார்ப்பிரும்பு. நம் வீட்டுப் பழைய தோசைக்கல்லில் இருப்பதும் இதுதான்.

வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போல வேகமாக வெப்பத்தைக் கடத்தாது. சூடேற நேரம் பிடிக்கும். ஆனால் சூடேறிவிட்டால் எளிதில் ஆறாது. ஏன் தெரியுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் இரும்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 0.11 கலோரி வேண்டும், அலுமினியத்துக்கு 0.22 கலோரி. கிராமுக்குக் கிராம் அலுமினியமே அதிக வெப்பம் ஏற்கிறது. ஆனால் இரும்புச் சட்டியின் எடை 5 கிலோ. அதே கொள்ளளவுள்ள அலுமினியப் பாத்திரம் 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டிகிரிக்கும் இரும்புச் சட்டி சேர்த்து வைப்பது 550 கலோரி. அலுமினியம் சேர்த்து வைப்பதோ 220 கலோரிதான்.

ஆகவே குளிர்ந்த காய்கறியை அள்ளிப் போட்டாலும் இச்சட்டியின் சூடு சட்டென்று இறங்காது. தீயைக் குறைத்தாலும் குழம்பு நிதானமாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். எழும் ஆவி கனமான மூடியில் பட்டுக் குளிர்ந்து, நீராகித் திரும்பச் சொட்டும். பிரஷர் குக்கரைப் போல இதில் அழுத்தம் ஏறாது. சுமார் 100 டிகிரியிலேயே பல மணி நேரம் மெல்ல வேகும்.

வெறும் இரும்புக்கு ஒரு குறை உண்டு. புளிக்குழம்பையோ தக்காளியையோ இரும்புச் சட்டியில் நெடுநேரம் வைத்தால் அமிலம் இரும்பை அரித்து, குழம்பு கறுத்து, சுவையும் மாறும். இதைத் தடுக்கவே கண்ணாடிச் சட்டை.

சட்டை தயாராகும் விதம்

எனாமல் என்பது வண்ணப் பூச்சு அன்று, உண்மையான கண்ணாடி. மணல், வெண்காரம், சோடா முதலியவற்றை உலையில் உருக்கிக் கண்ணாடிக் குழம்பாக்குகிறார்கள். அதைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் ஊற்றுகிறார்கள். திடீர்க் குளிர்ச்சியால் அது துகள்துகளாக வெடித்துச் சிதறும். பிறகு களிமண்ணும் நீரும் சேர்த்து அரைத்து, பாத்திரத்தின் மேல் தெளித்து உலர்த்தி, ஏறக்குறைய 800 டிகிரியில் சுடுகிறார்கள். தூள் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது.

தொழிற்சாலையில் கண்ணாடியை வேண்டுமென்றே உடைக்கக் கையாளும் வழி எது? சூடாக இருக்கும்போதே தண்ணீரில் ஊற்றுவது. நாம் சமையலறையில் செய்யக்கூடாததும் அதுவேதான்!

இறுக்கிப் பிடிக்கும் இரும்பு

பொருள்கள் சூடேறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று படித்திருப்பீர்கள். சட்டியின் அடிப்பாகம் 25 செ.மீ. அகலம் இருந்து, வெப்பம் 200 டிகிரி உயர்ந்தால், இரும்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விரிகிறது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத கண்ணாடிச் சட்டை, கிழியாமல் அதனோடு சேர்ந்து விரிய வேண்டும்.

இதற்காக, இரும்பைவிடச் சற்றே குறைவாக விரிந்து சுருங்கும் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுட்ட சட்டி ஆறும்போது இரும்பு கொஞ்சம் அதிகமாகச் சுருங்கிக் கண்ணாடியை அமுக்கிப் பிடிக்கிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால்தான் உடையும். அமுங்கிய நிலையில் இருக்கும் வரை அது பத்திரமாக இருக்கும்.

சூடான சட்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் என்ன ஆகும்? மேலே உள்ள கண்ணாடி உடனே சுருங்கப் பார்க்கும். உள்ளே இரும்பு இன்னும் விரிந்த நிலையிலேயே இருக்கும். கண்ணாடி இழுபடும், விரிசல் விழும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்தாலும் இதே கதைதான். அடியில் இரும்பு வேகமாக விரிய, உட்புறக் கண்ணாடி இழுபடும். உள்ளே நீரோ உணவோ இருந்தால் அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெறும் சட்டியிலோ வெப்பநிலை தடையின்றி ஏறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 லிட்டர் அளவு போதும். உணவு நிறைந்தால் எடை இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே கைத்துணியோடு பிடிக்க இடம் தரும் பெரிய காதுகள் அவசியம்.

உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குமிழி, குழி, மயிரிழை விரிசல் இருக்கக்கூடாது. விளிம்பில் எனாமல் மெலிந்திருக்கும். அங்கே பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடி ஆடாமல் உட்கார வேண்டும். மூடியின் குமிழ் பிளாஸ்டிக் வகையானால் அது எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிர்நிற உட்புறத்தில் உணவு வறுபடுவது நன்றாகத் தெரியும், கறையும் தெரியும். சிவப்பு, மஞ்சள் எனாமல்களில் காட்மியச் சேர்மங்கள் சேர்ப்பதுண்டு. ஆகவே, உணவு படும் பகுதியில் காட்மியமும் ஈயமும் இல்லை என்ற உறுதி உள்ளதை வாங்குவதே நல்லது.

பயன்படுத்தும்போது

சிறு தீயில் தொடங்குங்கள். இரும்பு காந்தத்தன்மை உடையதாதலால் இச்சட்டி இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்யும். ஆனால் அங்கே அடிப்பாகம் மட்டும் மிக வேகமாகச் சூடேறும், நிதானம் தேவை.

2006-ல் நியூயார்க் ரொட்டிக் கலைஞர் ஜிம் லாஹி, ஓவனுக்குள் சூடேற்றிய மூடிச்சட்டியில் ரொட்டி சுடும் முறையைப் புகழ்பெறச் செய்தார். மாவின் ஆவியே உள்ளே அடைபட்டு ரொட்டி நன்கு உப்பும். வெறும் சட்டி அங்கே சூடாகிறதே என்று கேட்கலாம். ஓவனில் வெப்பம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவுகிறது. அடியை மட்டும் தாக்குவதில்லை. ஆயினும் தயாரிப்பாளர் குறித்துள்ள வெப்ப எல்லையைத் தாண்டக்கூடாது.

கிளற மரக்கரண்டியே ஏற்றது. கழுவுமுன் சட்டி தானே ஆறட்டும். அடிப்பிடித்தால் நீரும் சமையல் சோடாவும் இட்டுச் சிறிது கொதிக்க வைத்தால் இளகிவிடும். இரும்பு நாரும், மணல் கலந்த தேய்ப்புப் பொடியும் வேண்டாம். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடியோ ஏறக்குறைய 5½. எது எதைக் கீறும் என்று நீங்களே சொல்லலாம். கழுவியபின் ஈரத்தைத் துடைத்து, இரும்பு வெளியே தெரியும் விளிம்பில் துளி எண்ணெய் தடவுங்கள். மூடிக்கும் சட்டிக்கும் இடையே ஒரு துணி வைத்து அடுக்குங்கள்.

உட்புறத்தில் எனாமல் பெயர்ந்துவிட்டால் அதில் சமைப்பதை நிறுத்திவிட வேண்டும். பெயர்ந்த ஓரம் மேலும் உதிரும், உதிர்வது கண்ணாடி. எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் உடல்நலத்தைவிட அது பெரிதன்று.

செய்து பாருங்கள்

1. வீட்டில் எனாமல் தட்டோ குவளையோ இருந்தால் அதன் மேல் ஒரு காந்தத்தை வையுங்கள். கண்ணாடி மேற்பரப்பில் காந்தம் ஒட்டும்! உள்ளே இருப்பது என்ன?

2. ஐந்தாறு புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு உள்ளங்கைகளாலும் இரு புறமும் அழுத்தித் தூக்குங்கள். நடுவில் உள்ளவையும் விழாது. அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். எல்லாம் சரியும். புத்தகங்கள் கண்ணாடி, கைகள் இரும்பு. அந்தப் பிடி தளராமல் பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பு.